எரர் அடிக்குது என்றால் என்ன அர்த்தம்?

சித்தி போன் செய்தால் பாதி நேரம் இதற்காகத்தான் இருக்கும். "ஏதோ எரர்னு சிவப்பா வருதுப்பா. நான் ஒண்ணுமே பண்ணல, சும்மா தொட்டேன், அவ்வளவுதான்." கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் பதறிப்போய் மூடியிருப்பார். திரையில் வந்தது ஒரு தகவல். அவர் காதில் விழுந்தது, "நீ என்னவோ பண்ணிட்ட" என்ற குற்றச்சாட்டு.

இன்னொரு பக்கம் நன்றாகப் படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஏதாவது கருத்துக்கணிப்பின் அடியில் எரர் 3 சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் போதும், "பார்த்தியா, தப்பு இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவார். சித்தியும் நண்பரும் செய்வது ஒரே காரியம்தான். எரர் என்றதும் மனதுக்குள் அதைத் தப்பு என்று மாற்றிக்கொள்கிறார்கள், தப்பு என்றதும் யார் பண்ணியது என்று தேடுகிறார்கள்.

எரர் என்பதை விலகல் என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று இருக்க வேண்டிய இடத்துக்கும் அது இருக்கிற இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம், அவ்வளவுதான். அந்தத் தூரம் வந்ததற்கு ஒரு ஆள் காரணமாக இருக்கலாம். ஆளே இல்லாமலும் வரலாம்.

வழி விலகிய சொல்

எரர் என்பதன் வேர் லத்தீனில் உள்ள எர்ராரே என்ற வினைச்சொல். அலைதல், வழி விலகித் திரிதல் என்று பொருள். இதே குடும்பத்தில் எர்ராட்டிக் என்று ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது, நிலையில்லாமல் போகிற எதையும் அப்படிச் சொல்வார்கள். பனியாறு எங்கிருந்தோ தூக்கிவந்து, சம்பந்தமே இல்லாத ஊரில் போட்டுவிட்டுப் போன பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான். அந்தப் பாறை தப்பு பண்ணியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன் இடத்தில் இல்லை, அதுதான் செய்தி. புத்தகங்களின் கடைசியில் வரும் பிழைதிருத்தப் பட்டியலுக்கு எர்ராட்டா என்று பெயர், அதுவும் இதே வேர்தான்.

இது ஏதோ ஐரோப்பியச் சிந்தனை என்று நினைக்க வேண்டாம், நம்முடைய சொற்களும் இப்படித்தான் இருக்கின்றன. திருக்குறளில் "யானை பிழைத்தவேல்" என்று வருகிறது. யானையைக் குறிவைத்து எறிந்து, அதன் மேல் படாமல் போன வேல். அங்கே பிழைத்தல் என்றால் குறி தவறுதல். உயிர் பிழைத்தான் என்கிறோமே, அதிலும் அதே சொல். தப்பு செய்தான் என்பதற்கும் தப்பி ஓடினான் என்பதற்கும் ஒரே வேர். போனில் தவறிய அழைப்பு என்று காட்டுகிறது, அதில் யாருடைய குற்றமும் இல்லை, வந்தது கையில் சிக்காமல் போனது. ஆக பிழை, தப்பு, தவறு மூன்றுக்குள்ளும் விலகிப் போவது என்ற கருத்து இருக்கத்தான் செய்கிறது, நாளாக ஆக அதன் மேல் குற்றம் என்ற பூச்சு ஏறிவிட்டது.

மை மிஸ்டேக் உண்டு, மை எரர் இல்லை

பேச்சை உற்றுக் கேட்டால் ஒன்று தெரியும். "சாரி, மை மிஸ்டேக்" என்று சொல்கிறவர் யாரும் "மை எரர்" என்று சொல்வதில்லை. அதேபோல "மெஷின் எரர் காட்டுது" என்பார்கள், "மெஷின் மிஸ்டேக் காட்டுது" என்று சொன்னால் சிரிப்பு வரும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது, விளக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறோம்.

மிஸ்டேக் என்பதில் எடுத்தல் என்ற பொருளுள்ள டேக் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துவிடுவது, ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது. எடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவருக்கு வேறு ஒன்றை எடுத்திருக்கும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் மிஸ்டேக் எப்போதும் மனிதர்களிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. வேறொருவர் குடையைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போனால் அது மிஸ்டேக், அதை எரர் என்று சொன்னால் காதுக்கு ஒட்டவே ஒட்டாது.

ஃபால்ட் வேறு ஜாதி. அது கோளாறு எங்கே இருக்கிறது, அல்லது பொறுப்பு யாருடையது என்று சொல்வது. "லைன்ல ஃபால்ட்" என்றால் இடம், "என் மேல ஃபால்ட் இல்ல" என்றால் பொறுப்பு.

சில இடங்களில் சொற்றொடர் உறைந்து போயிருக்கும், அங்கே தர்க்கம் பார்க்கக் கூடாது. முயன்று, தவறி, மறுபடி முயன்று கற்பதை டிரயல் அண்ட் எரர் என்பார்கள், அதில் எரரை எடுத்துவிட்டு மிஸ்டேக்கைப் போட முடியாது. தட்டச்சில் எழுத்து மாறினால் டைப்பிங் எரர், டைப்பிங் மிஸ்டேக் இரண்டும் புழங்குகின்றன. அலுவலகக் கடிதங்களில் கிளரிக்கல் எரர் என்று எழுதுவார்கள். யாரையும் சுட்டாமல் நழுவ அதுதான் வசதியான சொல், ஆள் பெயரே வராது பாருங்கள்.

மொழி கற்பிப்பவர்கள் இந்த இரண்டையும் இன்னும் கறாராகப் பிரிக்கிறார்கள். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பிரிவினை இது. விதி தெரிந்தும் அவசரத்தில் சறுக்கினால் மிஸ்டேக், சுட்டிக்காட்டினால் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். விதியே தெரியாமல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால் எரர். "அவர்கள் வந்தான்" என்று ஒரு குழந்தை தொடர்ந்து சொன்னால் அதைத் திட்டிப் பயன் இல்லை, அந்தக் குழந்தையின் மனதில் இருக்கும் இலக்கணம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: மிஸ்டேக்குக்கு ஆள் வேண்டும், ஃபால்ட்டுக்கு இடமோ பொறுப்பாளியோ வேண்டும், எரருக்கு ஒரு சரியான நிலையும் அதிலிருந்து ஒரு விலகலும் இருந்தால் போதும்.

அளக்கும்போது எரர் எங்கிருந்து வருகிறது

ஒரு மேசையை டேப் வைத்து ஐந்து முறை அளந்து பாருங்கள். 120.1, 119.9, 120.2, 120.0, 119.8 என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வரும். நீங்கள் கவனக்குறைவானவர் என்று அர்த்தம் இல்லை. டேப் ஒரு மயிரிழை தளர்ந்திருக்கும், கண் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் குத்துமதிப்பாகப் படித்திருப்பீர்கள். இப்படி மேலும் கீழுமாகச் சிதறும் விலகலைத் தற்செயல் எரர் என்று சொல்லலாம். இதற்கு மருந்து சுலபம். பல முறை அளந்து சராசரி எடுத்தால் மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும்.

இப்போது எடை பார்க்கும் மெஷின். யாரும் ஏறாதபோதே அது அரை கிலோ காட்டுகிறது என்று வையுங்கள். நீங்கள் நூறு முறை ஏறி இறங்கிச் சராசரி எடுத்தாலும் அந்த அரை கிலோ அப்படியே உட்கார்ந்திருக்கும், இன்னும் மோசம், நூறு முறையும் ஒரே எண் வருவதால் மெஷின் மேல் நம்பிக்கை வேறு கூடிவிடும். எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும் இதற்கு முறைசார் எரர் என்று பெயர். பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியை எடுத்ததும் முதலில் "ஜீரோ எரர் பார்" என்று விரட்டுவார்களே, இதைக் கழிக்கத்தான். எங்கள் வகுப்பில் அதைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதியவர்கள்தான் அதிகம், நானும் அதில் ஒருவன்.

அளவீட்டைப் பொறுத்தவரை எரர் இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது. பிளஸ் மைனஸ் போட்டு ஒரு எண் எழுதியிருந்தால் அளந்தவர் தன் எல்லையைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்று பொருள். எதுவுமே போடாத எண்ணைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நண்பரின் 3 சதவீதம்

இதே கதைதான் கருத்துக்கணிப்பிலும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் அது நன்றாகக் கிளறிய பானையாக இருந்தால்தான். ஒரு பெரிய பாத்திரத்தில் சிவப்பு மணியும் வெள்ளை மணியும் சரிபாதி கலந்து கிடக்கின்றன என்று வையுங்கள். கண்ணை மூடி ஆயிரம் மணி அள்ளினால் கச்சிதமாக ஐந்நூறு சிவப்பு வருமா? 489 வரலாம், 512 வரலாம். அள்ளியதில் எந்தக் குளறுபடியும் இல்லை, முழுப் பாத்திரத்தையும் கொட்டி எண்ணாமல் ஒரு கைப்பிடியை வைத்துச் சொல்வதற்குத் தரும் விலை அது. இந்த ஆட்டத்தின் அகலத்தைத்தான் மார்ஜின் ஆஃப் எரர், தமிழில் பிழை வரம்பு என்கிறார்கள்.

ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால் பிழை வரம்பு இரு பக்கமும் ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி வரும். இதே மாதிரி நூறு முறை கேட்டால் ஏறத்தாழ 95 முறை உண்மை அந்த எல்லைக்குள் விழும் என்பது கணக்கு. ஒருவருக்கு 46, இன்னொருவருக்கு 44 என்று வந்தால் முந்துவது யார் என்று அந்தக் கணிப்பை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தலைப்பில் அடித்துச் சொல்லியிருப்பார்கள், அது வேறு விஷயம். வரம்பைப் பாதியாக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்கு ஆட்கள் போதாது, நான்கு மடங்கு, அதாவது நாலாயிரம் பேர் வேண்டும். அதனால்தான் பெரும்பாலானவர்கள் ஆயிரத்தை ஒட்டியே நின்றுவிடுகிறார்கள்.

நண்பர் உண்மையிலேயே சண்டை போட வேண்டிய இடம் வேறு. பிழை வரம்பு என்பது தற்செயல் ஆட்டத்தை மட்டும்தான் சொல்கிறது. பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் போனில் பிடித்துக் கேட்டிருந்தால், அது அரை கிலோ கூடக் காட்டும் மெஷின். ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கினாலும் சரியாகாது, அந்தச் சாய்வு 3 சதவீதம் என்ற எண்ணுக்குள் வரவும் வராது.

துளி எரரும் ஒரு மிஸ்டேக்கும்

எரரும் மிஸ்டேக்கும் ஒரே சம்பவத்தில் தனித்தனியாகத் தெரிகிற ஒரு உதாரணம் உண்டு, கொடுமையான உதாரணம். பத்தில் ஒரு பங்கை 0.1 என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். கணினிக்கு இருப்பது 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள், அதில் இந்த எண் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகும், மூன்றில் ஒன்றை நாம் 0.3333 என்று எழுதிக்கொண்டே போவது மாதிரி. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு துளி விலகல் நிற்கும். இதற்கு ரவுண்டிங் எரர் என்று பெயர். நிறைய நிரல்மொழிகளில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் விடை 0.30000000000000004 என்று வருவது இதனால்தான்.

1991 வளைகுடாப் போரில், வரும் ஏவுகணைகளை மறித்து அடிக்கும் பேட்ரியாட் என்ற அமெரிக்கத் தளவாடம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி வீதம் எண்ணியது. ஒவ்வொரு எண்ணிலும் விலகல் ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அந்த மெஷினை ஏறத்தாழ 100 மணி நேரம் அணைக்காமல் ஓட விட்டிருந்தார்கள், துளித்துளியாகச் சேர்ந்து கடிகாரம் 0.34 வினாடி விலகிவிட்டது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்துக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். வானத்தில் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் தேடியது பேட்ரியாட். பிப்ரவரி 25 அன்று ஸ்கட் வந்து விழுந்ததில் 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள்.

இங்கே ரவுண்டிங் எரர் யார் குற்றமும் இல்லை, எந்தக் கணினியிலும் இருப்பது. அது கூடிக்கொண்டே போகும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது மிஸ்டேக், அதற்கு ஆட்கள் உண்டு.

சிவப்பு எழுத்தில் வருவது

இனி சித்தியின் போனுக்கு வருவோம். ஒரு நிரல் எழுதுகிறவர் ஒவ்வொரு இடத்திலும், இது கிடைத்தால் இப்படிச் செய், கிடைக்காவிட்டால் இந்தச் செய்தியைக் காட்டு என்று இரண்டு வழி எழுதி வைப்பார். இரண்டாவது வழியில் போனால் வருவதுதான் எரர் மெசேஜ், அதாவது பிழைச்செய்தி. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று நிரல் சொல்கிறது, இப்படி ஆகலாம் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

இணையத்தில் வரும் எண்களுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 4இல் தொடங்கினால் கேட்டதில் ஏதோ சரியில்லை, 5இல் தொடங்கினால் தர வேண்டிய சர்வர் பக்கம் கோளாறு. 404 என்றால் நீங்கள் கேட்ட முகவரியில் எதுவும் இல்லை. ஆனால் இங்கேயும் கேட்டவர் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம், பக்கத்தை வைத்திருந்தவர் நேற்று ராத்திரி அதை அழித்திருந்தாலும் உங்களுக்கு 404தான் வரும். 500 வந்தால் நீங்கள் பத்து முறை தட்டிப் பயனில்லை, கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள்.

கணினி ஆட்கள் பக் என்று ஒன்று சொல்வார்கள், தமிழில் வழு என்று எழுதுகிறோம். நிரல் எழுதும்போது மனிதர் செய்த மிஸ்டேக் நிரலுக்குள் போய்த் தங்கிவிட்டால் அது வழு. அது ஒரு நாள் வெளிப்பட்டு வேலை நின்றால் ஃபெயிலியர், செயலிழப்பு. வழு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கலாம். (1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினிக்குள் நிஜமாகவே ஒரு விட்டில்பூச்சி சிக்கியதால்தான் பக், அதாவது பூச்சி, என்று பெயர் வந்தது என்பார்கள். பூச்சி சிக்கியது உண்மை, பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. எடிசன் 1878லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.)

மோசமானது எது என்றால், எந்தச் செய்தியும் வராத எரர். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை நெருங்கியது. பூமியில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது, வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது, இரண்டுக்கும் நடுவில் நாலரை மடங்கு வித்தியாசம். எண் எண்ணாகத்தான் வந்தது, எந்தத் திரையும் சிவக்கவில்லை. செப்டம்பர் 23 அன்று விண்கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாக, ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்தில் போய் மறைந்தது. அதனால்தான் சித்தியிடம் சொல்கிறேன், சிவப்பாக எழுதிக் காட்டுகிற மெஷினை மூடாதீர்கள், அதுவாவது வாயைத் திறந்து சொல்கிறதே.

ஆக, பிழைச்செய்தி என்பது தகவல். வழு உள்ளே கிடப்பது, செயலிழப்பு வெளியே தெரிவது.

ஹியூமன் எரர் என்று முடித்துவிட்டால்

விபத்துச் செய்திகளில் கடைசி வரியாக "மனிதத் தவறே காரணம்" என்று வரும், அதோடு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். விபத்துகளை ஆராய்வதையே வேலையாகச் செய்கிறவர்களுக்கு விசாரணை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 ரகக் குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள், தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை உள்ளே மடக்கிவிடுவது திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் வயிற்றில் உட்காரும். விமானியின் தவறு என்றுதான் பதிவானது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி உட்காரும் அறையைப் போய்ப் பார்த்தார். இறக்கையின் பின்னோரத்தில் இறங்கி ஏறும் மடிப்பை (ஃபிளாப்) இயக்கும் ஸ்விட்சும் சக்கரத்தை இயக்கும் ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோல இருந்தன. களைத்துப் போன ஒருவர் இருட்டில் கைவைத்தால் என்ன ஆகும்? அவர் சொன்ன தீர்வு, சக்கரக் கைப்பிடியின் நுனியில் ரப்பர் சக்கரம் ஒன்றைப் பொருத்துங்கள், இறக்கை மடிப்புக் கைப்பிடிக்கு ஆப்பு மாதிரி ஒரு வடிவம் கொடுங்கள், கைக்கே தெரிந்துவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் அந்தக் கைப்பிடியின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

மனிதர்கள் சறுக்குவதிலும் இவர்கள் வகை பிரிக்கிறார்கள், மொழி கற்பிப்பவர்களின் பிரிவினையிலிருந்து இது வேறு. நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்துவிட்டது என்றால் ஸ்லிப், விமானிகளுக்கு நடந்தது அது. செய்ய வேண்டியதே மறந்துபோனால் லாப்ஸ், நினைவுத் தவறல். நினைத்ததே தப்பு, ஆனால் நினைத்தபடி கச்சிதமாகச் செய்து முடித்தார் என்றால்தான் மிஸ்டேக். முதல் இரண்டுக்கும் அறிவுரை சொல்லிப் பயனே இல்லை, அவருக்கு எல்லாம் தெரியும். கவனமாக இரு என்பதைவிட ஸ்விட்சை மாற்றுவது மலிவு.

எரர் வரும் என்று தெரிந்தே செய்தவை

எப்படியும் எரர் வரத்தான் போகிறது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு செய்த பொருட்களும் இருக்கின்றன, கவனிக்க மாட்டோம், ஏனென்றால் அவை எரரைக் காட்டுவதே இல்லை. 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் என்பவர், அனுப்பும் தகவலோடு சில உபரி இலக்கங்களைச் சேர்த்துவிட்டால், வழியில் ஒரு இலக்கம் கெட்டாலும் எது கெட்டது என்று வாங்குபவரே கண்டுபிடித்துத் திருத்திவிடலாம் என்று வழி சொன்னார். எரர் கரெக்‌ஷன், பிழைதிருத்தம் என்பது இதுதான். மோசமான சிக்னலில் யாராவது "பாலுவா, பாபுவா?" என்று கேட்டால் "பாலு, பால்ல வர்ற லு" என்கிறோமே, உபரியாகச் சொல்லிக் காப்பாற்றுகிற அதே தந்திரம்.

கியூஆர் கோடில் இதன் கொஞ்சம் பெரிய வடிவம் ஒன்று இருக்கிறது. உச்ச அளவில் வைத்துச் செய்த கோடில் ஏறத்தாழ 30 சதவீதத் தகவல் கெட்டுப்போனாலும் மீட்டுவிடலாம். ஓரம் கிழிந்து, மேலே கறை பட்ட கோடு ஸ்கேன் ஆவது அதனால்தான். சில கோடுகளின் நடுவில் அழகாக ஒரு லோகோ ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் இருந்த கட்டங்கள் மறைந்துதான் போயிருக்கின்றன, ஸ்கேனரின் கணக்கில் அந்த லோகோ முழுக்க முழுக்க எரர். தெரிந்தே வைத்தது.